பழைய கார் சிக்னலில் நிற்கும்போது உதறுகிறதா? பார்ட் மாற்றும் முன் இதைப் பாருங்கள்

புது நாட்டுக்கு வந்தவர்களில் நிறைய பேர் முதலில் வாங்குவது பத்துப் பதினைந்து வருடம் ஓடிய பெட்ரோல் கார்தான். நல்ல முடிவுதான். ஆனால் அந்த வயதுக் கார்களில் அடிக்கடி வரும் தொந்தரவு ஒன்று உண்டு. ஓடும்போது ஒன்றும் தெரியாது. சிக்னலில் நின்றால் உதறும். ஸ்டீயரிங் நடுங்கும், ஆர்பிஎம் முள் ஏறி இறங்கும், சில நேரம் இன்ஜின் அணைந்தே போகும். நம்பகமான மெக்கானிக் யார், கேட்கிற தொகை நியாயமா என்று எதுவும் தெரியாத நேரத்தில் இது வந்தால் ஸ்பார்க் பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில், சென்சார் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணம் போய்விடும், உதறல் போகாது. அந்த நிலைமை யாருக்கும் வரக்கூடாது என்றுதான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் எப்போது உதறுகிறது என்று கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்தவுடனா, இன்ஜின் சூடான பிறகா? ஏசி போட்டால் கூடுகிறதா? ஆட்டோமேட்டிக் என்றால், பிரேக்கை மிதித்தபடி டிரைவிலிருந்து நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். நியூட்ரலில் அதிர்வு நின்று, முள்ளும் ஆடாமல் இருந்தால் இன்ஜினைப் பாடியோடு தாங்கிப் பிடிக்கும் இன்ஜின் மவுண்டிங் மேல்தான் முதல் சந்தேகம். அதன் ரப்பர் கிழிந்தாலோ அமுங்கிப்போனாலோ சாதாரண அதிர்வு முழுவதும் பாடிக்கு வரும். அந்த வண்டிக்குப் புது பிளக் போட்டு ஒரு பயனும் இல்லை. முள்ளே ஆடினால் கோளாறு இன்ஜினுக்குள், அல்லது இன்ஜினுக்குப் போகும் காற்றிலோ எரிபொருளிலோ. சூடான பெட்ரோல் இன்ஜின் பொதுவாக 600 முதல் 900 ஆர்பிஎம்முக்குள் நிலையாக நிற்க வேண்டும். குளிர்ந்த இன்ஜின் முதலில் 1,000-க்கு மேல் போய்ப் பிறகு இறங்குவது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அடுத்தது செக் இன்ஜின் லைட். நிலையாக எரிந்தால் ஆற அமரப் பார்க்கலாம். விட்டு விட்டு மின்னினால் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) கடுமையாக இருக்கிறது, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிப் பாழாக்குகிறது என்று அர்த்தம். அது விலை கூடிய பாகம். அப்படி மின்னும்போது வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடமாகப் பார்த்து நிறுத்திவிடுங்கள். வீடு பக்கம்தானே என்று ஓட்ட வேண்டாம்.

காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் கோளாறு எண்களை, அதாவது கோடுகளை (code), படித்துக் காட்டும் ஒரு சாதாரண ஓபிடி ஸ்கேனர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோல் கார்களுக்கு 2001-லிருந்தும் இந்த வசதி கட்டாயம். ஸ்டீயரிங்குக்குக் கீழே டேஷ்போர்டின் அடிப்பக்கம் ஸ்கேனரைச் செருகும் சாக்கெட் இருக்கும். பி0300 வந்தால் பல சிலிண்டரில் மிஸ்ஃபயர். பி0301 என்றால் ஒன்றாவது சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பி0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. எதையும் அழிப்பதற்கு முன் கோடு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கோடு சொல்வது அறிகுறியை மட்டும்தான், எந்த பார்ட் போயிருக்கிறது என்பதை அல்ல. பி0171 வந்தவுடன் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்பவர் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார்.

பழைய வண்டிகளில் முதலில் தேட வேண்டியது வேக்கம் லீக், அதாவது கணக்கில் வராத காற்று இன்ஜினுக்குள் நுழையும் ஓட்டை, என்பது என் கருத்து. ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) காற்றுப் பாதையைத் திறந்து மூடும் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியே இருக்கும், உள்ளே போகும் காற்று ரொம்பக் கொஞ்சம். அந்த நேரத்தில் வெடித்த ஹோஸ் வழியாகக் கொஞ்சம் காற்று திருட்டுத்தனமாக நுழைந்தாலே கலவை கெட்டுவிடும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் காற்று தாராளமாகப் போகும், அந்தச் சின்ன லீக் எடுபடாது. ஓடும்போது நன்றாக இருந்து நின்றால் மட்டும் உதறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஸ்கேனரில் ஃபியூல் ட்ரிம் என்று ஒரு அளவு வரும்; கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதை அது காட்டும். உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் ஐடிலில் அது பிளஸ் 10 சதவீதத்துக்கு மேல் நின்று, 2,500 ஆர்பிஎம்மில் வைத்தால் பூஜ்யத்தை நெருங்கினால் வேக்கம் லீக் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிடலாம். 2,500-லும் இறங்காமல் நின்றாலோ இன்னும் ஏறினாலோ ஃபியூல் பம்ப், ஃபில்டர், ஏர் ஃப்ளோ சென்சார் பக்கம் போங்கள்.

லீக்கைக் கண்டுபிடிக்கக் கண்ணும் காதும் விரலும் போதும். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஏர் ஃபில்டரிலிருந்து த்ராட்டில் வரை போகும் குழாயை மெதுவாக வளைத்துப் பாருங்கள். மேலே பார்த்தால் புதுசு போலவே இருக்கும். மடிப்புக்கு உள்பக்கம், அதுவும் அடிப்பக்கத்தில், நகக்கண் நீளத்துக்கு ஒரு பிளவு ஒளிந்திருக்கும். வளைத்தால்தான் வாய் திறக்கும். விரல் பருமன் ரப்பர் ஹோஸ்களின் முனைகளை அழுத்திப் பாருங்கள். மொறுமொறுவென்று காய்ந்திருந்தாலும், எண்ணெயில் ஊறி கொழகொழத்திருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். அப்புறம் ஸ்டார்ட் செய்து, 'ஸ்ஸ்' என்று காற்று இழுக்கும் சத்தம் வருகிறதா கேளுங்கள். சோப்புத் தண்ணீரை மூட்டுகளில் லேசாகத் தெளித்தால், லீக் உள்ள இடத்தில் ஒரு நொடி சத்தம் மாறும். எலெக்ட்ரிக் கனெக்டர்களில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்க்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், செய்யவே செய்யாதீர்கள். குளிர் நாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: காலையில் உதறி, சூடானதும் சரியாகிவிட்டால் காற்றுக் குழாய்கள் இன்ஜினோடு சேரும் இடத்தை அடைக்கும் இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட்டையும் சந்தேகப்படுங்கள். குளிரில் சுருங்கி வழிவிடும், சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத லீக்குக்கு ஒர்க்‌ஷாப்பில் ஸ்மோக் டெஸ்ட் கேளுங்கள். குழாய்க்குள் புகை விடுவார்கள், எங்கிருந்து கசிகிறதோ அங்கே வெளியே வரும்.

கோடு ஒரே சிலிண்டரைக் காட்டினால் வேலை சுலபம். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள வண்டியில், இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, ஒன்றாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றி மாட்டுங்கள். பி0301 இப்போது பி0303 ஆனால் காயில்தான் குற்றவாளி. கோடு நகரவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் ஆரோக்கியம். கரிப்பொடி போலக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் இன்ஜின் ஆயில் எங்கிருந்தோ வருகிறது. திரும்ப மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே சுற்றுங்கள். அலுமினிய ஹெட்டில் மரை போனால் செலவு எங்கேயோ போய்விடும்.

த்ராட்டில் பாடியில் கரி படிந்தாலும் ஐடில் தடுமாறும். அதற்கான கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைக்கலாம். எலெக்ட்ரானிக் த்ராட்டிலாக இருந்தால், இக்னிஷன் ஆனில் இருக்கும்போது தகட்டை விரலால் தள்ள வேண்டாம். துடைத்த பிறகு கொஞ்ச நேரம் ஐடில் ஏறியே இருக்கலாம், சில வண்டிகளுக்கு ரீலேர்ன் (கம்ப்யூட்டருக்கு ஐடிலைத் திரும்பக் கற்றுக்கொடுப்பது) செய்ய வேண்டும். முறை மேனுவலில் இருக்கும். இன்ஜினுக்குள் சேரும் ஆவியைத் திரும்ப உள்ளிழுக்கும் பிசிவி வால்வு, எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விடும் இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கினாலும் இதே அறிகுறிதான். எல்லாம் பார்த்தும் ஒரு சிலிண்டர் மட்டும் அடம்பிடித்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் செய்யாமல் மேலே ஒரு பைசா செலவழிக்காதீர்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குளிருக்குப் பயந்து மூடிய கேரேஜில் இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். கேரேஜ் கதவைத் திறந்து வைத்தாலும் போதாது, வண்டியை வெளியே கொண்டுவந்துவிடுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. வீட்டோடு ஒட்டிய கேரேஜ் என்றால் உள்ளே தூங்கும் குழந்தைகள் வரை போய்விடும்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது "பிளக் மாற்றுங்கள்" என்று கேட்காதீர்கள், மாற்றித் தந்து பில் போட்டுவிடுவார்கள். "சூடான பிறகு, டிரைவில் நிற்கும்போது, முள் 500-க்கு இறங்குகிறது, இந்தக் கோடு வந்தது" என்று சொல்லுங்கள். மொழி தடுமாறினால் போனில் முள்ளையும் சத்தத்தையும் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். டயக்னாசிஸுக்கு மட்டும் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு, என்ன சோதித்தார்கள் என்று எழுதி வாங்குங்கள்.

உங்கள் பகுதியில் வண்டிப் புகை மாசுச் சோதனை கட்டாயம் என்றால், அதற்கு முந்தின நாள் கோடு எண்ணை அழித்துவிட்டுப் போகாதீர்கள். அழித்தால் ரெடினெஸ் மானிட்டர்களும் (கம்ப்யூட்டர் தானே செய்து முடித்த சோதனைகளின் பதிவு) சேர்ந்து அழிந்துவிடும், சோதனை முடியவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கோளாறைச் சரிசெய்துவிட்டு சில நாள் ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஓட்டுங்கள். மானிட்டர்கள் முடிந்துவிட்டன என்று அதே ஸ்கேனரில் பார்த்த பிறகு போங்கள்.