ஊசிமுனையால் சிலிக்கனில் எழுதி என்ன காணப்போகிறோம்?

திருநெல்வேலிச்சந்தி:
போன கிழமை கம்பஸில் ஒரு பேச்சு. வந்தவர் சொன்னது இதுதான்: ஒளியால் சிப் அச்சடிக்கும் காலம் முடியப்போகிறது, இனி நுணுக்குக்காட்டியின் ஊசிமுனையாலேயே சிலிக்கனில் எழுதுவார்களாம். இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு இதை எடுக்க ஆசை. பனையோலையில் எழுத்தாணியால் எழுதிய ஆட்கள்தானே நாங்கள் என்று வீட்டில் சொன்னேன். அப்பா சிரிக்கிறார். இங்கே என்ன சொல்கிறீர்கள்?

கொக்குவில் மாஸ்ரர்:
அப்பா சிரித்ததில் பிழையில்லை. கணக்கைப் பார் தம்பி. 300 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிலிக்கன் தட்டின் பரப்பு ஏறத்தாழ 7,000 கோடி சதுர மைக்குரோமீற்றர். ஊசி செக்கனுக்கு ஒரு சதுர மைக்குரோமீற்றர் எழுதும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு தட்டு முடிய 2,200 வருடத்துக்கு மேல். சங்ககாலத்தில் தொடங்கியிருந்தால் இப்போதுதான் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பலாம். 13.5 நனோமீற்றர் அலைநீளப் புறஊதா ஒளியில் ஓடுகிற இயந்திரமோ மணிக்கு நூறு தட்டுக்கு மேல் தள்ளுகிறது. எது காலம் முடிந்தது?

சுன்னாகம் லேத்:
ஒரு ஊசி காணாதென்றால் ஆயிரம் ஊசி பூட்டுங்கோவன்.

கொக்குவில் மாஸ்ரர்:
பூட்டிப் பார்த்தார்கள். ஐபிஎம்மின் ‘மில்லிபீட்’ திட்டத்தில் 32 வரிசை, வரிசைக்கு 32 ஊசி, மொத்தம் 1,024. அது சிலிக்கனில் எழுதவும் இல்லை. சூடாக்கிய முனையால் பொலிமர் படலத்தில் குழி போட்டுத் தரவு சேமிக்கும் ஏற்பாடு. கடைக்கு வராமலே போய்விட்டது. என் கணக்கில் ஆயிரம் ஊசி பூட்டினாலும் தட்டுக்கு இரண்டு வருடம் வேண்டும். முனை மழுங்குவதை இன்னும் சேர்க்கவில்லை.

கரவெட்டிக்காற்று:
மாஸ்ரர், உங்கள் கணக்கு சரி, கேள்விதான் பிழை. பேச்சாளர் விட்ட கதைக்கு அந்தத் தொழில்நுட்பம் என்ன செய்யும்? ஊசியால் எழுதுகிறவர்கள் கோடிக்கணக்கில் சிப் செய்ய எழுதுவதில்லை. ஒன்றே ஒன்று, ஆனால் அணு பிசகாமல் வேண்டும் என்ற இடத்துக்குத்தான் இது. 2012இல் சிட்னியில் மிஷேல் சிமன்சின் குழு ஒற்றைப் பொசுபரசு அணுவில் திரான்சிஸ்டர் செய்தது. சிலிக்கன் பரப்பை ஐதரசன் அணுக்களால் மூடி, எஸ்.ரி.எம். (ஊசிமுனைக்கும் பரப்புக்கும் இடையே பாயும் மின்னோட்டத்தால் அணுக்களைக் காட்டும் நுணுக்குக்காட்டி) முனையால் வேண்டிய இடத்தில் மட்டும் அந்த ஐதரசனைத் தட்டி எடுத்து, பொசுபரசு உள்ள பொஸ்பீன் வாயுவை விட்டார்கள். வெறுமையாக இருந்த இடத்தில் மட்டும் அது ஒட்டியது. எந்த ஒளி இயந்திரம் இதைச் செய்யும்?

கொக்குவில் மாஸ்ரர்:
செய்யாதுதான். ஆனால் அதற்கு மீயுயர் வெற்றிடம் வேண்டும். பம்பி நின்று காற்று உள்ளே போனால், திரும்ப நாட்கணக்கில் வெற்றிட அறையைச் சூடாக்கி வாயுவை வெளியேற்ற வேண்டும். 2022இல் 13 மணிநேரம் மின்வெட்டு நடந்த நாட்டில் பிள்ளைக்கு எதைச் சொல்லிக் கொடுக்கிறீர்கள்?

கரவெட்டிக்காற்று:
வெற்றிடமே வேண்டாத வழியும் இருக்கிறது, அதைத்தான் நான் செய்தேன். வெளிநாட்டில் மேற்படிப்புக் காலம். ஏ.எப்.எம். என்கிற அணுவிசை நுணுக்குக்காட்டியின் முனைக்கு எதிர்மின், சிலிக்கனுக்கு நேர்மின், இடையில் பத்து வோல்ற்று அளவு. காற்றில் உள்ள ஈரம் முனைக்கும் பரப்புக்கும் நடுவே ஒரு துளி நீர்ப்பாலம் கட்டும். அதற்குள் ஐதரொட்சைட்டு அயன்கள் இழுபட்டு, முனைக்கு நேர் கீழே சிலிக்கன் ஒட்சைட்டாகும். 1990இலேயே அமெரிக்காவில் எஸ்.ரி.எம். முனையால் செய்துகாட்டிய வேலை இது.

அந்தக் குளிர்காலத்தில் இரண்டு கிழமை ஒரு கோடுகூட விழவில்லை. முனையை மாற்றினேன், மின்னழுத்தத்தைக் கூட்டினேன், ஒன்றும் இல்லை. மேற்பார்வையாளருக்குச் சிலிக்கன் துண்டு அழுக்கு என்ற சந்தேகம். கடைசியில் பார்த்தால் வெப்பமூட்டியால் அறைக்காற்று காய்ந்து கிடந்திருக்கிறது. தேநீர்க் கோப்பையில் சுடுநீர் வைத்துக் கருவியின் பெட்டியை மூடினேன். அரை மணி கழித்துத் திரையில் மூன்று நனோமீற்றர் உயரத்தில் ஒரு வரி, கோடைக்காலத்து உழவு வரம்பு மாதிரி. கோட்டின் தொடக்கம் கொஞ்சம் வளைந்திருந்தது, கருவி இன்னும் சூட்டில் நகர்ந்துகொண்டிருந்ததால்.

சுன்னாகம் லேத்:
அப்போ யாழ்ப்பாணத்துக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. கோப்பை மிச்சம்.

கரவெட்டிக்காற்று:
ஈரம் மிஞ்சினாலும் வில்லங்கம்தான். நீர்ப்பாலம் அகலும், கோடும் தடிக்கும். இங்கே பெட்டிக்குள் ஈரத்தைக் குறைக்கத்தான் பாடுபட வேண்டிவரும்.

கொக்குவில் மாஸ்ரர்:
ஒன்றை விட்டுவிட்டீர்கள். தம்பி எழுத்தாணி என்றான். எழுத்தாணி ஓலையைக் கீறும். நீங்கள் சொல்வது கீறலே இல்லை, புடைப்பு. ஒட்சைட்டுக்குக் கனவளவு கூட, அதனால் பரப்பு மேலே எழும்புகிறது. உவமையிலேயே பௌதிகம் பிழைத்துவிட்டது.

கரவெட்டிக்காற்று:
பாதிதான் பிழை. ஒட்சைட்டு கீழே உள்ள சிலிக்கனையும் தின்றுதான் வளருகிறது. எழுதிய மாதிரியை ஐதரோபுளோரிக் அமிலத்தில் தோய்த்தால் புடைப்புக் கரைந்து அந்த இடத்தில் பள்ளம் நிற்கும். பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் போட்டால் மறுவளம்: சுற்றியுள்ள சிலிக்கன் அரிபட, ஒட்சைட்டு கவசமாக நின்று கோடு இன்னும் உயரும். ஓலையில் கரி பூசினால்தானே எழுத்துத் தெரியும், அந்த மாதிரி இதற்கும் இரண்டாவது வேலை ஒன்று உண்டு.

ஓலைக் கதை வந்ததால் சொல்கிறேன். எஸ்.ரி.எம். கருவியைச் சூரிச்சில் பின்னிக்கும் ரோரரும் உருவாக்கியது 1981இல். அதே வருடம்தான் எங்கள் யாழ்ப்பாண நூலகத்தோடு ஓலைச்சுவடிகளும் எரிந்தன. சம்பந்தமில்லைதான்.

கொக்குவில் மாஸ்ரர்:
சம்பந்தமில்லை, ஆனால் எனக்கும் அந்த வருடம் மறக்காது.

சரி, தம்பிக்கு வருவோம். சிப் தொழிற்சாலைக் கனவில் இதை எடுக்காதே என்பதில் மாற்றமில்லை. ஏ.எப்.எம். ஒன்று கைக்கு எட்டுமென்றால், ஈரத்தை மாற்றி மாற்றிக் கோட்டின் அகலத்தை அளப்பது ஒரு செயற்றிட்டத்துக்குக் காணும்.

திருநெல்வேலிச்சந்தி:
நன்றி சேர். கரவெட்டி அண்ணை, எழுதுவதற்கு முன்னும் அந்த அமிலம் வேண்டுமா?

கரவெட்டிக்காற்று:
கோடு மட்டும் போதுமென்றால் இல்லாமலும் விழும். அரிக்கப்போகிறாய் என்றால் வேண்டும், காற்றில் தானாகப் படிந்த ஒட்சைட்டைக் கழற்றாவிட்டால் அரிப்பு ஒழுங்காகத் தொடங்காது. ஒழுங்கு மாறக்கூடாது: முதலில் அமிலம், பிறகு எழுத்து, பிறகு பொற்றாசியம் ஐதரொட்சைட்டு.

கொக்குவில் மாஸ்ரர்:
அந்த அமிலம் தோலில் பட்டால் உடனே எரிவு தெரியாமலும் போகலாம், உள்ளே போய் எலும்புவரை பிடிக்கும். தனியாக நின்று செய்யாதே. அதற்கு மருந்தாகப் பூசும் கல்சியம் குளுக்கோனேற்று ஜெல் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் போத்தலைத் தொடாதே. ஜெல் பூசினாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். கம்பஸில் ஜெல் இருக்கிறதா என்று நாளைக்கே கேட்டு வந்து இங்கே எழுது.