மறு: மறு: கார்பன் டோசிங் – ‘கரிமமூட்டல்’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி பற்றிய கட்டுரைக்காக, ‘கார்பன் டோசிங்’ என்பதற்கு, அதாவது பாக்டீரியாவுக்காகக் காடி (வினிகர்) போன்ற கார்பன் உள்ள பொருளைத் தொட்டி நீரில் அளந்து விடுவதற்கு, ஒரே ஒரு தமிழ்ச் சொல் கேட்டேன். மூன்று நாளில் இவ்வளவு மறுமொழிகள் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

> ‘கரிமமூட்டல்’ போதுமே. செறிவூட்டல், உரமூட்டல் எல்லாம் வழக்கில் இருக்கின்றன.

எனக்கும் முதலில் இதுதான் தோன்றியது, ஐயா. முதல் வரைவில் அப்படியே எழுதியும் விட்டேன். சிக்கல் இரண்டாம் பத்தியில் வந்தது. பவளம் வளர்ப்பவர்கள் ‘நியூட்ரியன்ட்’ என்றால் பெரும்பாலும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும்தான் சொல்கிறார்கள். பேரூட்டம், நுண்ணூட்டம் என்று உழவர்களிடம் பழகிய சொல் இருப்பதால், இவற்றுக்கு ‘ஊட்டம்’ என்று வைத்திருந்தேன். கார்பன் டோசிங்கின் வேலையோ இந்த ஊட்டங்களைக் குறைப்பது. விளைவு: ‘தொட்டியில் ஊட்டம் மிகுந்தால் கரிமமூட்டல் செய்து ஊட்டத்தைக் குறைக்கலாம்.’ வீட்டில் படித்துக் காட்டினேன். “ஊட்டிவிட்டு எப்படிக் குறைக்கிறது?” என்று கேட்டாள் மனைவி. அந்த வரைவு அதோடு போயிற்று.

இதில் என்னதான் நடக்கிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். தொட்டிக்குள் நாம் போடுவது மீன் தீனி. அதிலுள்ள கார்பனில் பெரும்பங்கை மீன் மூச்சாக வெளியேற்றிவிடுகிறது, அது காற்றோடு போய்விடும். நைட்ரஜனும் பாஸ்பரஸும் அப்படிப் போவதில்லை, நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் தண்ணீரில் சேர்கின்றன. கடலின் மிதவை உயிர்களில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றும் சுமார் 106:16:1 என்ற விகிதத்தில் இருப்பதை ரெட்ஃபீல்ட் விகிதம் என்பார்கள். பாக்டீரியாவுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் உடம்பு கட்டவும் உழைக்கவும் அவற்றுக்குக் கார்பன்தான் நிறைய வேண்டும், தொட்டியில் இல்லாததும் அதுதான். சாப்பாட்டில் குழம்பும் பொரியலும் நிறைய இருக்கிறது, சோறு தீர்ந்துவிட்டது என்று வையுங்கள். நாம் காடியோ வோட்காவோ சர்க்கரையோ கொஞ்சம் விட்டால் சோறு வந்துவிடுகிறது. பாக்டீரியாக்கள் பெருகும்போது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உடம்பில் இழுத்துக்கொள்கின்றன. அப்புறம் அவற்றில் ஒரு பகுதியை, நுரை பிரிக்கும் கருவி வைத்து, நுரையோடு வெளியே எடுத்துவிடுகிறோம், ஒரு பகுதியைப் பவளங்களும் கடற்பஞ்சுகளும் தின்கின்றன.

> ‘கரியிடல்’ – உரமிடல் போல. மூன்றே எழுத்தில் ‘கரியிடு’ என்று வினையும் கிடைக்கும்.

நான்கு எழுத்து, எண்ணிப் பாருங்கள். ஆனால் எழுத்துக் கணக்கு இல்லை பிரச்சினை. மீன் தொட்டிக்காரர்களிடம் ‘கார்பன்’ ஏற்கெனவே பல இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. வடிகட்டியில் போடும் கறுப்புத் துகளும் கார்பன். அது நிஜமாகவே கரி, நிறத்தையும் வாடையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நன்னீர்ச் செடித் தொட்டிக்காரர் கார்பன் என்றால் அவர் மனத்தில் இருப்பது சிலிண்டரிலிருந்து குமிழியாக வரும் கரியமிலவாயு. பவளத் தொட்டியிலேயே டி.கே.எச். என்று அளப்பது கார்பனேட் கணக்கு. ‘கரியிடல்’ என்று எழுதினால் புதிதாக வருகிறவர் கடைக்குப் போய் ஒரு பை கரி வாங்கி வந்து தொட்டியில் போடுவார். ஆங்கிலச் சொல்லே இந்தக் குழப்பத்தைச் செய்கிறது. அதையும் சேர்த்துத் தமிழாக்க வேண்டுமா?

> இது இறால் குட்டையில் நாங்கள் செய்வதுதானே? மொலாசஸ் கரைத்து விடுவோம், கிடைக்காவிட்டால் வெல்லம். இறாலுக்கு இல்லை, தண்ணியில் இருக்கிற பாக்டீரியாவுக்குத் தீனி.

இந்த மடல்தான் எனக்கு வழிகாட்டியது. பாக்டீரியாத் திரளைப் பெருக்கி மீனும் இறாலும் வளர்க்கும் பயோஃபிளாக் முறையின் அடிப்படை இதுவேதான். இஸ்ரேலின் ஆய்வாளர் யோராம் அவ்னிமெலெக் 1999இல் கார்பன்–நைட்ரஜன் விகிதத்தை வைத்தே குட்டை நீரைக் கட்டுப்படுத்தலாம் என்று எழுதினார். அங்கே பெருகும் பாக்டீரியாத் திரளை இறால் தின்கிறது, இங்கே நுரையோடு அள்ளுகிறோம். வேறுபாடு அவ்வளவுதான். சாணமும் கோமியமும் கலந்து பயிருக்கு விடும் அமுதக்கரைசலில் வெல்லம் போடுகிறவரும் மாட்டுக்காகவோ பயிருக்காகவோ போடுவதில்லை, அதிலுள்ள நுண்ணுயிருக்காகத்தான்.

நண்பர் போகிற போக்கில் எழுதிய ‘தீனி’யைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் பொருளின் பெயரும் (கார்பன்) செய்கையும் (டோசிங்) இருக்கின்றன, தின்பவர் யார் என்பது இல்லை. பவளத்துக்கான சத்து என்று நினைத்துக்கொண்டு இதை விடுபவர்கள் இருக்கிறார்கள். ‘தீனி’ என்றதும் ஒரு வாய் வந்துவிடுகிறது, ‘யாருக்கு?’ என்று கேட்கத் தோன்றுகிறது. ஆகவே என் முன்வைப்பு: கரிமத்தீனி. வினையாக, கரிமத்தீனி இடுதல்.

‘தீனி’ கொச்சை என்று ஒருவர் சொல்லக்கூடும். மாட்டுத்தீவனம் போல ‘கரிமத்தீவனம்’ என்று மாற்றவும் கூடும். தீவனம் மூட்டையில் வரும் பொருள், இது சொட்டுக் கணக்கில் போவது. என் காதுக்குத் தீனிதான் பொருந்துகிறது.

> ‘டோசிங்’ எங்கே போயிற்று? அளவு முக்கியமில்லையா?

முக்கியம். பட்டவன் சொல்கிறேன். என்னுடையது 300 லிட்டர் தொட்டி. இங்கே சிங்கப்பூரில் வோட்கா விலைக்குக் கட்டுபடியாகாது, அதனால் 5 விழுக்காட்டு வெள்ளைக் காடி. நாளுக்கு 3 மில்லியில் தொடங்கி வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போனேன். 10 மில்லிக்கு வந்தபோது நைட்ரேட் இறங்கவே இல்லை என்ற எரிச்சலில் ஒரே தாவலாக 40 விட்டேன். மறுநாள் காலை தண்ணீர் அரிசி கழுவிய கழுநீர் போல. பெருகிய பாக்டீரியா இரவில் ஆக்சிஜனைத் தின்றுவிட்டது, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. காற்றுக் குழாய் போட்டு அன்று காப்பாற்றினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தெளிந்ததும் மறுபடி தொடர்ந்து, நைட்ரேட் பாஸ்பேட் இரண்டையும் சுழியத்துக்குக் கொண்டுவந்து பெருமைப்பட்டேன். இரண்டு வாரத்தில் பாறை முழுக்கப் பழுப்புக் கோழை, நுனியில் குமிழியோடு. டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒருசெல் உயிரி. போட்டியாளர்கள் பட்டினி கிடக்கும் தண்ணீரில் அது எளிதாகத் தலையெடுக்கும். கடைசியில் சோடியம் நைட்ரேட் வாங்கி, நான் துரத்திய ஊட்டத்தை நானே அளந்து விட வேண்டியிருந்தது. ஊட்டத்தைக் குறைக்க ஒரு புட்டி, கூட்ட ஒரு புட்டி, இரண்டும் ஒரே அலமாரியில். கரிமமூட்டல், நைட்ரேட்டூட்டல் என்று ஒரே ஈறு வைத்தால் இரண்டும் ஒரே வகை வேலை என்றுதானே படும்?

அதனால் ‘டோஸ்’ என்பதைத் தனியே வைத்துக்கொள்ளலாம். ‘ஒரு வேளை மருந்து’ என்கிறோமே, அந்த வேளை போதும்: வேளையளவு. தானாகச் சொட்டுவிடும் கருவிக்குச் ‘சொட்டூட்டி’. கால்சியம், மக்னீசியம் போன்றவற்றைச் ‘சேர்மானம்’ என்று எழுதியிருக்கிறேன். அதை யாரும் எதிர்க்கவில்லை, எனக்கே வியப்பு.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து

– – –

அண்ணா, வணக்கம்.

தீனி எனக்குச் சம்மதம். எங்களிடம் ‘தீன்’ என்றே வழக்கம்: கோழித்தீன், மாட்டுத்தீன். ஆனால் முன்பாதிதான் இடிக்கிறது. நாங்கள் பள்ளியில் படித்தது காபன். நீங்கள் ‘கரிமச் சேர்மம்’ என்பதை நாங்கள் சேதனச் சேர்வை என்போம். உங்கள் காடி எங்களுக்கு வினாகிரி, நைட்ரேட்டு நைத்திரேற்று, பவளப்பாறை முருகைக்கற்பாறை. கரிமத்தீனி என்றால் இங்கே ஒரு மாணவர் கரித்தூளை நினைப்பார், நீங்கள் பயந்த அதே குழப்பம். பேசாமல் ‘நுண்ணுயிர்த்தீன்’ என்று வைத்தால் இரண்டு கரைக்கும் பொது அல்லவா?

யாழ்ப்பாணத்திலிருந்து

– – –

தம்பி, கரித்தூள் விஷயம் எனக்கு உறைக்கவே இல்லை. நன்றி.

நுண்ணுயிர்த்தீனியை நேற்று முழுக்க எழுதிப் பார்த்தேன். ஒரு இடத்தில்தான் முரண்டு பிடிக்கிறது. அமினோ அமிலப் புட்டிகளும் நுண்ணுயிர் தின்பவைதான், ஆனால் அவை நைட்ரஜனையும் கொண்டுவந்து சேர்க்கும். கார்பனை மட்டும் தருவதுதான் இந்த முறையின் உயிர், அதை விட முடியவில்லை. ஆகவே நுண்ணுயிர்த்தீனி என்பதைப் பொதுப்பெயராக வைத்து, அதன் ஒரு வகையாகக் கரிமத்தீனியைக் கட்டுரையில் எழுதுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் ‘ஈழ வழக்கில் காபன் தீன்’ என்றும் சேர்த்துவிடுகிறேன். எது நிற்கிறது என்று பார்ப்போம்.

இன்னொன்று பாக்கி: புரோட்டீன் ஸ்கிம்மர், நான் சொன்ன அந்த நுரை பிரிக்கும் கருவி. வெல்லம் காய்ச்சும்போது கொப்பரையில் அழுக்கு நுரையை அள்ளி எடுப்பார்களே, அதை நினைத்து ‘நுரைவாரி’ என்று எழுதியிருக்கிறேன். ஆலையடியில் வளர்ந்தவர்கள் யாராவது இருந்தால், அந்த அகப்பைக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?