கியா லோகோவை ‘கேஎன்’ என்று படிக்கிறார்களே, பிசகு எங்கே?

கேள்வி: 2021 ஜனவரியில் கார் நிறுவனமான கியா, லோகோவைச் சுற்றியிருந்த நீள்வட்டத்தை எடுத்துவிட்டு KIA என்ற ஆங்கில எழுத்துகளை மட்டும் வைத்தது. அதன்பின் ‘கேஎன் (KN) கார்’ என்று கூகுளில் தேடியவர்கள் ஏராளம். ஏ-யில் குறுக்குக்கோடு இல்லாததுதான் காரணமா?

பதில் 1: ஆமாம். குறுக்குக்கோடு இல்லாத ஏ, கவிழ்த்த வி மாதிரி நிற்கிறது. பக்கத்து ஐ-யும் சேர்ந்தால் இடவலம் திரும்பிய என்.

பதில் 2: இல்லைங்க. பழைய நீள்வட்ட லோகோவிலும் ஏ-க்குக் குறுக்குக்கோடு கிடையாது, யாரும் குழம்பவில்லை. அப்போது எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி இருந்தது. இப்போது ஐ-யின் அடியிலிருந்தே ஏ-யின் இடது கால் கிளம்புகிறது. கண் இரண்டையும் ஒரே எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. ஒரு தாளால் ஐ-யை மறைத்துப் பாருங்கள், ஏ பளிச்சென்று தெரியும். கோட்டின் தடிமனில் பாதி அளவு இடைவெளி விட்டிருந்தாலே போதும். 2019-இல் ஃபோக்ஸ்வாகன் செய்தது அதுதான்: கோடுகளை மெலிதாக்கி, டபிள்யூவை வளையத்தின் அடியைத் தொடாமல் தூக்கி வைத்தார்கள்.

பதில் 3: வரைபவர்களுக்கு ஒன்று. லோகோவை 1 செ.மீ. அகலத்தில் அச்செடுத்து, பிராண்ட் தெரியாத ஒருவரிடம் 2 நொடி காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். திரையில் பெரிதாக்கியே பார்த்தால் இந்தக் கோளாறு சிக்காது.

கேட்டவர்: ஐ-யை மறைத்துப் பார்த்தேன். ஒட்டுதான் சிக்கல், நன்றி.