அமெரிக்கத் தெற்கத்திய உச்சரிப்பில் ‘பியூட்டிஃபுல் கிரியேச்சர்ஸ்’ ஒலிநூல்: வேகத்தைக் குறைப்பதா, அச்சு நூலையும் வைத்துக்கொள்வதா?

நெய்தல் (கேள்வி):
வணக்கம். காமி கார்சியாவும் மார்கரெட் ஸ்டோலும் சேர்ந்து எழுதி 2009இல் வெளிவந்த ‘பியூட்டிஃபுல் கிரியேச்சர்ஸ்’ நாவலைக் கெவின் டி. காலின்ஸின் குரலில் இரவுச் சமையலின்போது கேட்டு வருகிறேன். தென் கரோலினாவில் காட்லின் என்ற கற்பனை ஊரில் வளரும் ஈதன் என்ற பையன் கதையைச் சொல்கிறான். அவன் கனவில் பலமுறை கண்ட பெண்ணே லீனாவாகப் பள்ளிக்கு வந்து சேர்வதும், மந்திரம் கைவரப்பெற்ற ‘காஸ்டர்’ குடும்பத்தில் பிறந்த அவள் ஒளியின் பக்கம் போவாளா, இருளின் பக்கம் போவாளா என்பது அவளுடைய பதினாறாவது பிறந்தநாளில் தெரிந்துவிடும் என்பதும் என்னை அடுப்படியிலேயே நிற்க வைத்துவிடுகின்றன. ஆனால் ஊர்ப் பெரியவர்கள் பேசத் தொடங்கினால் பாதிச் சொற்கள் காதில் நிற்பதில்லை. வழக்கம்போல 1.25 வேகத்தில்தான் கேட்கிறேன். வேகத்தைக் குறைத்தால் போதுமா, அச்சு நூலையும் வாங்கிக்கொள்ள வேண்டுமா?

ஆலமரம்:
முதலில் வேகத்தை 1.0க்குக் கொண்டுவாருங்கள். தெற்கத்தியப் பேச்சு உயிரொலிகளை இழுத்துப் பேசுவது. அந்த இழுவையை நறுக்கிவிட்டால் சொல்லின் உருவமே மாறிவிடுகிறது. மூன்று விஷயங்களுக்குக் காது பழகிவிட்டால் பெரும்பகுதி தெளிவாகிவிடும் என்பது என் அனுபவம். ‘என்னுடைய’ என்று பொருள்படும் ‘மை’ அங்கே ஏறக்குறைய ‘மா’ என்று ஒலிக்கும். ‘பின்’, ‘பென்’ இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும் என்பதால், எது என்பதை வாக்கியத்தைக் கொண்டுதான் அறிய வேண்டும். பழைய தலைமுறையினரிடம் சொல்லிறுதி ‘ர்’ தேய்ந்து, ‘ரிவர்’ என்பது ‘ரிவா’ ஆகிவிடும். ‘யால்’ என்ற சொல் பலரைக் குறிக்கும் முன்னிலைப் பன்மை மட்டுமே. நம் ‘நீங்கள்’ என்பதில் உள்ள மரியாதை அதில் கிடையாது. அந்த மரியாதையை ‘மேம்’, ‘சர்’ என்ற விளிகள்தாம் சுமக்கின்றன. ஒரு பையன் அவற்றைச் சொல்லாமல் விடும் இடத்தில் அவனுடைய கோபம் தெரியும்.

ஈதன் வீட்டில் ஆமா என்ற பெண் பேசும் இடங்களை ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள். தாயை இழந்த ஈதனைப் பார்த்துக்கொள்ளும் அந்த முதியவரின் பெயர் நம் காதில் ‘அம்மா’ என்றே விழுவது எனக்கு இன்றும் நெகிழ்ச்சி தருகிறது. அவருக்குக் குறுக்கெழுத்துப் புதிர்களில் பெரும் பிரியம். கண்டிக்கும்போதுகூடச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொல்வார். அச்சில் கண் அதை ஒரே பார்வையில் தாண்டிவிடும். காதாலோ ஒவ்வோர் எழுத்துக்கும் காத்திருக்க வேண்டும். திட்டு வாங்குபவனின் நிலையும் அதுதானே.

தூவானம்:
அச்சு நூலும் வேண்டும் என்பேன். ஈதனும் லீனாவும் வாய் திறவாமல் மனத்துக்குள்ளேயே பேசிக்கொள்ளும் பகுதிகள் அச்சில் சாய்வெழுத்தில் இருக்கும். கேட்கும்போது அந்த அடையாளம் கண்முன் இருக்காது. அத்தியாயத் தலைப்புகளில் வரும் எண்களையும் கவனியுங்கள். அமெரிக்க முறைப்படி மாதம் முதலில் வருவதால் 9.02 என்பது செப்டம்பர் 2. லீனாவின் பிறந்தநாள் பிப்ரவரி 11. அவள் தன் கையில் எழுதிக்கொள்ளும் எண்கள் அந்த நாளை நோக்கித்தான் குறைந்துகொண்டே போகின்றன.

ஆலமரம்:
நூலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டால் கண் முன்னே ஓடிவிடும். குரலைக் காது விட்டுவிடும். கேட்டு முடித்த பிறகு குழப்பமான பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

பனையோலை:
உச்சரிப்பு மட்டும் தடையாக இருக்காது என்று நினைக்கிறேன். அந்த ஊரார் அமெரிக்க உள்நாட்டுப் போரை நேற்று நடந்ததுபோலப் பேசுகிறார்கள். அதன் பின்னணி தெரியாவிட்டால் சொல் புரிந்தும் பேச்சு புரியாது. அமெரிக்க ஒன்றியத்திலிருந்து முதலில் பிரிந்த மாநிலம் தென் கரோலினா; நாள் 1860 டிசம்பர் 20. அந்த ஆண்டின் கணக்கெடுப்பில் அங்கிருந்த 7,03,708 பேரில் 4,02,406 பேர் அடிமைகள். லீனாவின் குடும்பச் சாபம் அந்தப் போர்க்காலத்தில்தான் வேர்விடுகிறது. ஒரு பழைய பதக்கத்தைத் தொடும்போதெல்லாம் ஈதன், லீனா இருவருக்கும் எரியும் தோட்டமாளிகையும் அக்காலத்துக் காதலர்களும் தெரிவது அதனால்தான். சிதைந்த மாளிகை, தோற்ற போர், பரம்பரைக் குற்றம் ஆகிய மூன்றும் திகிலும் மர்மமும் கலந்த ‘தெற்கத்திய கோதிக்’ எழுத்தின் உயிர்நாடி. காதல் கதையாக மட்டும் கேட்பவர்கள் இதைத் தவறவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஊரார் நடித்துக் கொண்டாடும் ஹனி ஹில் போர் கற்பனையன்று. 1864 நவம்பர் 30 அன்று உண்மையாகவே நடந்தது, ஒன்றியத்திலிருந்து பிரிந்த தென்பகுதியின் படையே வென்றது. எதிரணியில் நின்று மாண்டவர்களில் 54ஆம், 55ஆம் மாசசூசெட்ஸ் படைப்பிரிவுகளின் கறுப்பின வீரர்களும் இருந்தார்கள். அந்தக் கொண்டாட்டம் நடக்கும் ஊரில்தான், கறுப்பினக் கடலோர மரபின் தாயத்துகளையும் காப்புகளையும் கொண்டு ஆமா ஈதனின் வீட்டைக் காத்து வருகிறார்.

நெய்தல்:
மூவருக்கும் நன்றி. நேற்று இரவு 1.0 வேகத்தில் ஆமா வரும் பகுதியை மறுபடி கேட்டேன். கண்டிப்பு என்று நான் எடுத்துக்கொண்ட அந்தக் குரலில் பயமும் இருந்தது. முந்தைய வேகத்தில் அது என் காதில் விழவே இல்லை.