மர்மமா, அந்தரமா: ‘சஸ்பென்ஸ்’ என்பதற்குச் சொல் தேடிய இழை

உட்லண்ட்ஸ் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

வியாழக்கிழமைக்குள் ஒரு பயிற்சித்தாளை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு சொல் இடிக்கிறது. குழுவின் உதவி தேவை.

சிங்கப்பூரில் எங்கள் தொடக்கக்கல்லூரி (ஜூனியர் காலேஜ்) மாணவர்களுக்கு ‘எஸ்கேப் ஃப்ரம் அல்காட்ராஸ்’ (1979) படத்தைப் போட்டுக் காட்டினேன். அமெரிக்காவின் அல்காட்ராஸ் தீவுச் சிறையிலிருந்து மூன்று கைதிகள் தப்பும் கதை அது. பார்த்த பிறகு ஆளுக்கு அரைப்பக்கம் கருத்து எழுத வேண்டும். ‘இப்படத்தில் மர்மம் எவ்வாறு கையாளப்பட்டுள்ளது?’ என்று கேட்டிருந்தேன். அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் கெடுத்தது. பாதிப்பேர், ‘மர்மம் எதுவும் இல்லை. எப்படித் தப்பிக்கப் போகிறார்கள் என்பது முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. ஆகவே படம் சுமார்’ என்று எழுதிவிட்டார்கள்.

ஆனால் அவர்கள் படம் பார்த்ததை நான் பின்வரிசையில் இருந்து பார்த்தேன். இரவுக் காவலர் அறை அறையாக நடந்து வருகிறார். படுக்கையில் கிடப்பது கைதி தனக்குப் பதிலாக வைத்துவிட்டுப் போன பொம்மைத் தலை என்பது வகுப்பில் அத்தனை பேருக்கும் தெரியும், அவருக்குத் தெரியாது. ஒருவரும் மூச்சு விடவில்லை. ‘சுமார்’ என்று எழுதிய பையன் நாற்காலி நுனிக்கு வந்திருந்தான். ஒரே ஒரு மாணவி மட்டும், ‘மர்மம் இல்லை, ஆனால் என் கை வியர்த்துவிட்டது. அதற்கு என்ன சொல் என்று தெரியவில்லை’ என்று எழுதியிருந்தாள். எனக்கும் தெரியவில்லை.

மர்மம் நமக்குத் தெரியாததால் வருவது. இது தெரிந்ததால் வருவது. இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் பிள்ளைகள் எப்படிச் சரியாக எழுதுவார்கள்? தாளைத் திருத்தி மறுபடி கொடுக்கப் போகிறேன். ‘சஸ்பென்ஸ்’ என்பதற்கு ஒரு சொல் சொல்லுங்கள். அப்புறம், தாளின் தலைப்பில் ‘சிறையுடைப்புப் படம்’ என்று போட்டிருக்கிறேன். அது சரிதானா?

பிடோக் ஐயா எழுதியது:

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் தலைப்பு. சிறையுடைப்பு வேண்டாம். உடைப்பது வெளியிலிருந்து படையோடு வருகிறவன் செய்கிற வேலை. உள்ளே கிடப்பவன் உய்கிறான். ‘எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம்’ என்ற குறளில் உள்ள உய்வு, தப்பிப் பிழைத்தல் என்ற பொருளை அப்படியே தாங்கி நிற்கிறது. சிறையுய்வு. மூன்றே எழுத்தில் ‘உய்வு’ கிடைக்கும்போது வேறென்ன வேண்டும்?

சிறை என்ற சொல்லைப் பற்றி இந்தக் குழுவில் யாரும் இதுவரை பேசாதது எனக்குக் குறைதான். ‘கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி’ என்ற குறுந்தொகை அடியில் சிறை என்றால் சிறகு. ‘ஒருசிறை’ என்றால் ஒரு பக்கம். ‘சிறைகாக்கும் காப்பு’ என்று வள்ளுவர் சொல்லும்போது அடைத்து வைத்தல். சிறகு உடலின் பக்கத்தில் இருப்பது. பக்கம் என்ற பொருள் அதிலிருந்து வந்தது. ஒருவனை ஒரு பக்கமாக ஒதுக்கி வைப்பது காவல் ஆயிற்று. என் துணிபு இது. பறப்பதற்கும் அடைப்பதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற மொழியில், சிறையிலிருந்து தப்பும் கதைக்கு இரவல் சொல் தேடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கதையும் நம்மிடம் உண்டு. பட்டினப்பாலையில் கரிகாலன் பகைவர் சிறையிலிருந்து தப்புவதைப் பாருங்கள். கூட்டுக்குள் வளர்ந்த புலிக்குட்டி போல உள்ளே இருந்தானாம். குழியில் விழுந்த யானை கரையைக் குத்தி இடித்து ஏறி வந்து தன் பிடியை, அதாவது பெண் யானையைச் சேர்ந்தது போல வெளியே வந்தானாம். ‘நுண்ணிதின் உணர நாடி நண்ணார் செறிவுடைத் திண்காப்பு ஏறி’. நுணுக்கமாக ஆராய்ந்து, பிறகு காவலைக் கடக்கிறான். திட்டம் தீட்டுவதும் தப்புவதும் ஈரடியில் வந்துவிட்டன.

சஸ்பென்ஸுக்கு ‘ஊசல்’ என்று வையுங்கள். ஆங்கிலச் சொல்லின் வேர் தொங்குதல். ஊசல் தொங்குவது. உயிர் ஊசலாடுகிறது என்று ஊரே சொல்கிறது. பொருத்தம் தானாக அமைந்திருக்கிறது.

ஜூரோங் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, கரிகாலன் எடுத்துக்காட்டுக்கு நன்றி. அதை ஆசிரியை தாளிலேயே சேர்க்கலாம். ஆனால் சிறையுய்வு என்று திரையில் போட்டால் படிக்கிறவர் நின்றுவிடுவார். நான் வசன வரி எழுதிப் பிழைக்கிறவன். இரண்டு வரி, சில நொடி, அவ்வளவுதான் எனக்குக் கிடைக்கும் இடம். உய்வு என்றதும் பாதிப்பேருக்குத் தேவாரம் நினைவுக்கு வரும், மீதிப்பேருக்கு எதுவுமே வராது.

2008 பிப்ரவரி 27 அன்று விட்லி ரோடு தடுப்புக்காவல் நிலையத்திலிருந்து பயங்கரவாதச் சந்தேகக் கைதி மாஸ் செலாமாட் போனபோது வீட்டில் என்ன சொன்னோம்? தப்பியோடிவிட்டார் என்று சொன்னோம். தப்பியோட்டம் என்பது இந்தத் தீவில் பாட்டியிலிருந்து பேரன் வரை தெரிந்த சொல். அதையே வைத்துக்கொள்ளலாம்.

சஸ்பென்ஸ் விஷயத்தில் என் கருத்து யாருக்கும் பிடிக்காது. சஸ்பென்ஸ் தமிழாகிவிட்டது. ‘சஸ்பென்ஸ் வைக்காதே, சொல்லு’ என்று என் அம்மா சொல்கிறார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ‘பதற்றம்’ என்று மாற்றிப் பார்த்தேன். எல்லையில் பதற்றம், சந்தையில் பதற்றம் என்று செய்தி அதை எடுத்துக்கொண்டுவிட்டது. ‘விறுவிறுப்பு’ வேகத்தைச் சொல்கிறது. இந்தப் படமோ மெதுவான படம். ஒரு மனிதன் இரவிரவாகச் சுவரைச் சுரண்டுகிறான். அதில் விறுவிறுப்பு எங்கே இருக்கிறது?

ஒன்று மட்டும் ஆசிரியைக்குத் துணையாகச் சொல்வேன். 1956இல் ராபர்ட் பிரெஸ்ஸோன் எடுத்த பிரெஞ்சுப் படத்தின் தலைப்பே ‘மரண தண்டனைக் கைதி ஒருவன் தப்பிவிட்டான்’ என்றுதான் இருக்கும். முடிவைத் தலைப்பில் சொல்லிவிட்டுப் படத்தை ஆரம்பிக்கிறார். அப்படியும் கடைசிக் கயிறு வரை நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆகவே முடிவு தெரியாமல் இருப்பதல்ல சஸ்பென்ஸ். அந்த அளவில் உங்கள் கட்சி நான்.

கத்தோங் அண்ணர் எழுதியது:

தங்கச்சி, இவ்வளவு தூரம் ஏன் போவான்? எங்கட வீட்டில தினமும் புழங்குகிற சொல் ஒன்று இருக்கிறது. அந்தரம்.

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வேலைக்கு வந்தது. நான் பிறந்தது இங்கே. ஆனாலும் அம்மம்மாவின் தமிழ் வீட்டில் மிஞ்சியிருக்கிறது. சோதனை முடிவு வரும் நாளில் நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தால், ‘அந்தரப்படாத பிள்ளை’ என்பா. நடக்கப்போவதைக் காத்து, ஒன்றும் செய்ய முடியாமல், நெஞ்சு ஒரு இடத்தில் நில்லாமல் இருக்கிற நிலைக்கு எங்களிடம் அதுதான் சொல். தமிழ்நாட்டு நண்பர்களோ ‘என்னை அந்தரத்தில் விட்டுட்டான்’, ‘அந்தரத்தில் தொங்குது’ என்று சொல்வார்கள். அவர்களிடம் தொங்கல், எங்களிடம் மனநிலை. இரண்டையும் சேர்த்தால் சஸ்பென்ஸ் முழுசாக வந்துவிடுகிறது. ஐயா ஊசலில் தேடிய தொங்குதலும் இதிலேயே இருக்கிறது.

பிடோக் ஐயா எழுதியது:

அந்தரம் வடசொல். இடைவெளி, வானம் என்ற பொருளில் வந்தது. இருக்கிற தமிழ்ச்சொல்லை ஓரமாக வைத்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாற்றாக வடமொழியைக் கொண்டுவருவது வீட்டு வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறப்பது போன்றது.

கத்தோங் அண்ணர் எழுதியது:

ஐயா, ‘அந்தரப் பல்லியம் கறங்க’ என்று திருமுருகாற்றுப்படையில் நக்கீரரே பாடியிருக்கிறார். வடசொல் என்றே வைத்துக்கொள்வோம். ‘வடசொற் கிளவி வடஎழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே’ என்று தொல்காப்பியர் வழி விட்டிருக்கிறார். அந்தரத்தில் ஒரு கிரந்த எழுத்துக்கூட இல்லை. சஸ்பென்ஸை எழுதிப் பாருங்கள், ஸ் மட்டும் இரண்டு வருகிறது. நாம் மாற்றத் தேடும் மர்மமும் வடசொல்தானே. அதை இத்தனை நாள் ஒருவரும் கேட்கவில்லை.

உட்லண்ட்ஸ் ஆசிரியை எழுதியது:

இன்று காலை ஊசலையும் அந்தரத்தையும் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன்.

ஐயா மன்னிக்க வேண்டும். ஊசல் என்றதும், ‘சாப்பாடு ஊசிப் போவதா?’ என்று கேட்டார்கள். ஊஞ்சலைக் காட்டி, பொன்னூசல் பாட்டைச் சொல்லி விளக்கினேன். புரிந்தது. ஆனால் திரும்ப எழுதச் சொன்னபோது யாரும் அதை எடுக்கவில்லை. அந்தரத்தில் தொங்குவது என்றதும் இரண்டு பேர் கையை மேலே தூக்கிக் காட்டினார்கள், கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது போல. நான் விளக்கவே இல்லை.

நேற்று இரவு எனக்குத் தோன்றிய ஒன்றையும் அவர்களிடம் சொன்னேன். சிலப்பதிகாரப் பதிகம் கதையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கோவலன் கொலைப்படுவான் என்பது நூலைத் திறந்த உடனே நமக்குத் தெரியும். அப்புறம் கொலைக்களக் காதையில் சிலம்போடு தெருவில் போகிறான். திமில் கொண்ட காளை எதிரே வருகிறது. ‘இமில்ஏறு எதிர்ந்தது இழுக்கென அறியான்’ என்கிறார் இளங்கோ. அது கெட்ட சகுனம் என்பது அவனுக்குத் தெரியாது, கேட்கிற நமக்குத் தெரியும். அந்த ‘அறியான்’ என்ற ஒரு சொல்லில்தான் நெஞ்சு இறுகுகிறது. படத்தில் பொம்மைத் தலையைப் பார்த்துவிட்டுப் போகிற காவலரும் அறியான்தான். கோவலனுக்காகப் பதறினோம், இங்கே கைதிக்காகப் பதறுகிறோம், அவ்வளவுதான் வேறுபாடு. இதைச் சொன்னதும் வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. எனக்கு மிகவும் நிறைவாக இருந்தது.

தாளில் இப்படி மாற்றியிருக்கிறேன்: ‘படத்தில் நீங்கள் அந்தரத்தில் நின்ற ஓர் இடத்தைக் குறிப்பிடுக. அப்போது உங்களுக்குத் தெரிந்திருந்தது என்ன? பாத்திரத்துக்குத் தெரியாதிருந்தது என்ன?’ பழைய தாளில் ‘சுமார்’ போட்ட பையனிடம் வாய்மொழியாகவே கேட்டேன். ஐந்து நிமிடம் நிறுத்தாமல் பேசினான். மழைக்கோட்டுகளை ஒட்டித் தெப்பம் செய்யும் இடம்தான் அவனுக்கு. ஐம்பதுக்கு மேற்பட்ட மழைக்கோட்டுகள், நிஜத்திலும் 1962 ஜூன் 11 இரவு அப்படித்தான் போனார்கள் என்று அவனே தேடிப் படித்திருக்கிறான். சோப்பும் கழிவறைத் தாளும் முடியும் சேர்த்துத் தலை செய்ததையும் சொன்னான். சொல் சரியாக இருந்தால் பார்வை இவ்வளவு மாறுமா என்று இன்னும் வியப்பாக இருக்கிறது.

தலைப்பில் ‘தப்பியோட்டப் படம்’ என்று வைத்துவிட்டேன். உய்வைக் கரிகாலன் பகுதியில் பயன்படுத்தியிருக்கிறேன் ஐயா. அங்கே அழகாக உட்கார்ந்துவிட்டது.

ஜூரோங் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

வகுப்புக்கு அந்தரம் சரி. நான் எதிர்க்கவில்லை. ‘அந்தரப் படம்’ என்று விளம்பரத்தில் போட்டால் வித்தைக்காரர் படமோ என்று நினைப்பார்கள். வகைப்பெயராக வேண்டுமென்றால் இன்னும் சஸ்பென்ஸ்தான். உணர்வின் பெயராக மட்டும் அந்தரம் இருக்கட்டும். என் வாக்கு அந்த அளவுக்கு.

கத்தோங் அண்ணர் எழுதியது:

அது போதும். அம்மம்மாவின் சொல் ஒரு தொடக்கக்கல்லூரித் தாளில் அச்சாகிறதே. ஒரு பிரதி எனக்கு அனுப்புங்கோ, தங்கச்சி.

பிடோக் ஐயா எழுதியது:

பெரும்பான்மை முடிவைத் தடுக்க மாட்டேன். என் மாறுபாட்டை மட்டும் இழையில் வைத்துவிடுகிறேன்.

நேற்று நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். வீட்டுக்காரியும் கூட இருந்தார். கடைசியில் சிறைத்தலைவர் ஏஞ்சல் தீவுக் கரையில் ஒரு செவ்வந்திப் பூவைப் பார்க்கிறார். மூவரும் கரை சேர்ந்தார்களா, கடலோடு போனார்களா என்று படம் சொல்லவில்லை. நிஜத்திலும் தெரியாது. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 1979 டிசம்பர் 31 அன்று வழக்கை மூடியே விட்டது. படம் முடிந்த பிறகு வீட்டுக்காரி தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, ‘அந்தப் பசங்க பிழைச்சிருப்பாங்களா?’ என்று இரண்டு தடவை கேட்டார்.

காவலர் வரும்போது வந்தது உங்கள் அந்தரம். ஏற்கிறேன். தேநீர் ஆறிப்போகும் வரை வந்ததற்குப் பெயர் என்ன? அது தெரிந்ததால் வந்ததன்று. மர்மம் என்றால் எப்போதாவது அவிழும். இது அவிழவே இல்லை. இங்கும் அங்குமாக ஆடிக்கொண்டே இருந்தது. அதற்கு நான் ஊசல் என்றுதான் சொல்வேன். அடுத்த முறை தாள் அச்சாகும்போது அந்த ஒரு வினாவுக்காவது இடம் கொடுங்கள், அம்மா.