இண்டிகாருக்கு 900 குதிரைத்திறன் தேவையா?

நீள்வட்டன்:
2018-இல் அமெரிக்காவின் இண்டிகார் பந்தயத் தொடரின் நிர்வாகம் 2.4 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சின் வரும், சக்தி 900 குதிரைத்திறனை எட்டும் என்று அறிவித்தது. பிறகு தேதி தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. 2022 டிசம்பரில் திட்டத்தையே கைவிட்டார்கள். 2012 முதல் ஓடிக்கொண்டிருக்கும் 2.2 லிட்டர் வி6 எஞ்சினோடு மின்மோட்டார் துணை தரும் ஹைப்ரிட் அமைப்பைச் சேர்த்து 2024 ஜூலையில் மிட்-ஓஹையோ தடத்தில் களமிறக்கினார்கள். இப்போது 2028-இல் வரும் புதிய காருக்கு மீண்டும் 2.4 லிட்டர் என்கிறார்கள். இம்முறையாவது சொன்ன சக்தியைக் கொடுக்க வேண்டும். வளைவு வரும்போது ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தே தீர வேண்டும். அப்போதுதான் திறமைசாலி யார் என்பது தெரியும்.

தேவிகா:
நண்பரே, இந்த விளையாட்டில் சக்தியைக் குறைத்த விதிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் இழவு வீடு இருக்கிறது. இந்தத் தொடரின் மிகப் புகழ்பெற்ற பந்தயமான இண்டியானாபொலிஸ் 500-இல் 1973-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆஃபன்ஹவுசர் டர்போ எஞ்சின்களுக்கு அன்று பூஸ்ட் வரம்பே, அதாவது டர்போ எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் அளவுக்கு வரம்பே கிடையாது. பயிற்சியில் ஆர்ட் போலார்ட் இறந்தார். பந்தயத்தில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு வெளியே வந்த சற்று நேரத்தில் ஸ்வீட் சாவேஜ் சுவரில் மோதினார். ஒரு மாதம் கழித்து மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. விபத்து நடந்த இடத்தை நோக்கி ஓடிய குழு உறுப்பினர் அர்மாண்டோ டெரான், விரைந்து வந்த மீட்பு வாகனம் மோதி இறந்தார். இத்தனைக்கும் பிறகுதான் இறக்கைகளையும் எரிபொருள் தொட்டியையும் சிறிதாக்கினார்கள், 1974 முதல் 'பாப்-ஆஃப்' வால்வு வந்தது. டர்போ அழுத்தம் வரம்பைத் தாண்டினால் தானே திறந்து காற்றை வெளியேற்றிவிடும் கருவி அது.

நீள்வட்டன்:
மறுக்கவில்லை. ஆனால் அதன் பிறகு நடந்ததையும் பாருங்கள். 1973-இல் இண்டியானாபொலிஸில் முதலிடத் தகுதி வேகம் மணிக்கு 198 மைல். அடுத்த ஆண்டு 191-ஆக இறங்கியது. 1977-இலேயே டாம் ஸ்னீவா 200-ஐத் தாண்டிவிட்டார். சக்தியை வெட்டினால் பொறியாளர்கள் அதே வேகத்தைக் காற்றியக்கத்திலும் டயரிலும் தேடி எடுத்துவிடுகிறார்கள். 1996-இல் அங்கே தகுதி ஓட்டத்தில் அரீ லாயன்டைக் நான்கு சுற்றுச் சராசரியாக 236.986 மைல் ஓட்டினார், அந்தச் சாதனை இன்னும் நிற்கிறது. 2024-இல் ஸ்காட் மெக்லாக்லின் அதைவிடச் சக்தி குறைந்த எஞ்சினோடு 234.220 ஓட்டினார். மூன்று மைல்கூட வித்தியாசமில்லை! வேகம் குறையவில்லை, ஓட்டுநரின் வேலைதான் குறைந்தது.

சக்தி குறைவு, காரைத் தரையோடு அழுத்தும் டவுன்ஃபோர்ஸ் அதிகம் என்ற கலவைதான் உண்மையான ஆபத்து. எல்லோரும் சுற்று முழுவதும் காலை எடுக்காமல் மிதிக்கலாம். எவரும் எவரையும் விட்டு விலக முடியாது. 2011 லாஸ் வேகஸில் ஒன்றரை மைல் தடத்தில் 34 கார்கள் அப்படித்தான் ஒட்டிக்கொண்டு ஓடின. பதினோராவது சுற்றில் 15 கார்கள் மோதின, டான் வெல்டனை இழந்தோம். அன்றைய எஞ்சின் சக்தி சுமார் 650 குதிரைத்திறன்தான்.

தேவிகா:
லாஸ் வேகஸைச் சொன்னீர்கள், சரி. 2001-இல் டெக்சாஸ் தடத்தில் நடந்ததை ஏன் விட்டுவிட்டீர்கள்? அன்று தனியாக நடந்த கார்ட் (CART) பந்தயத் தொடரின் கார்கள் உங்கள் ஆசைப்படியே அதிகச் சக்தி கொண்டவை. கென்னி பிராக் தகுதி ஓட்டத்தில் மணிக்கு 233 மைலில் முதலிடம் பிடித்தார். 24 டிகிரி சரிவில் ஒரு சுற்று ஏறக்குறைய 23 வினாடி, அதில் பெரும்பகுதி நேரம் உடம்பின் மேல் ஐந்து மடங்கு ஈர்ப்பு விசை. காரைவிட்டு இறங்கிய ஓட்டுநர்களால் நேராக நிற்க முடியவில்லை. தலைசுற்றல், பார்வைத் தடுமாற்றம். மருத்துவர் ஸ்டீவ் ஆல்வி விசாரித்தபோது பெரும்பாலானோர் இதையே சொன்னார்கள். பார்வையாளர்கள் வந்துகொண்டிருந்தபோது, தொடங்குவதற்குச் சில மணி நேரமே இருக்கையில் பந்தயத்தையே ரத்து செய்தார்கள். மனித உடலுக்கும் ஒரு வரம்பு இருக்கிறது.

கூட்டமாக ஓடுவதைத் தடுக்கச் சக்தியைக் கூட்ட வேண்டியதில்லை என்பதற்கும் அதே தடம்தான் சாட்சி. 2012 ஜூனில் அங்கே எஞ்சினைத் தொடாமல் டவுன்ஃபோர்ஸை மட்டும் வெகுவாகக் குறைத்தார்கள். டயர் தேயத் தேய எல்லோரும் காலை எடுத்தாக வேண்டியிருந்தது. கார்கள் வழுக்கின. கடைசிச் சுற்றுகளில் முன்னிலையில் இருந்த கிரஹாம் ரேஹல் சுவரை உரசினார், ஜஸ்டின் வில்சன் வென்றார். நீங்கள் கேட்கும் பந்தயம் அதுதானே? 900 இல்லாமலே கிடைத்ததே!

பழைய ஆஃபி:
இருவரும் எண்ணிக்கையிலேயே நிற்கிறீர்கள். சக்தி எவ்வளவு என்பதைவிட, அது யார் கையில் இருக்கிறது என்பதே எனக்கு முக்கியம்.

1994 இண்டியானாபொலிஸ் 500-ஐ நினைத்துப் பாருங்கள். வழக்கமான டர்போ வி8-களுக்கு 2.65 லிட்டர், 45 அங்குல (பாதரச அளவில்) பூஸ்ட். தண்டுகளால் வால்வுகளைத் திறக்கும் பழைய பாணி புஷ்ராட் எஞ்சின்களுக்கு மட்டும் 3.43 லிட்டர், 55 அங்குலம். விலை குறைந்த, உற்பத்திக் கார் எஞ்சினை வைத்து ஓடும் சிறிய குழுக்களுக்காகத் தரப்பட்ட சலுகை அது. ஆனால் உற்பத்திக் காரின் எஞ்சின் பிளாக்தான் வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்கெனவே நீக்கியிருந்தார்கள். பென்ஸ்கி குழுவும் எஞ்சின் தயாரிப்பாளர் இல்மோரும் அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டார்கள். அந்த ஒரே பந்தயத்துக்காக ரகசியமாக ஒரு புஷ்ராட் எஞ்சினை வடித்து, மெர்சிடிஸ் பெயரோடு கொண்டுவந்தார்கள். ஆயிரம் குதிரைத்திறனைத் தொட்டது அது! மற்றவர்கள் நேர்கோட்டில் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 185-ஆவது சுற்றில் எமர்சன் ஃபிட்டிபால்டி, தன் குழுவின் அல் அன்சர் ஜூனியரையே ஒரு சுற்று பின்தள்ள முயன்று நான்காம் வளைவில் சுவரில் மோதினார். அன்சர் வென்றார்.

அந்தக் கோடையிலேயே பூஸ்டைக் குறைத்து அந்த எஞ்சினைப் பயனற்றதாக்கினார்கள். அடுத்த ஆண்டு பென்ஸ்கி கார் ஒன்றுகூடத் தகுதி பெறவில்லை. அந்த எஞ்சின் பொறியியலில் ஓர் அற்புதம், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மற்றவர்களுக்கு அது என்ன பந்தயம்?

நீள்வட்டன்:
ஐயா, 1994-இன் கோளாறு ஆயிரம் குதிரைத்திறன் அல்ல, இரண்டு எஞ்சின்களுக்கு இரண்டு விதி வைத்தது. நான் கேட்பது எல்லோருக்கும் ஒரே 900.

தேவிகா அவர்களே, 2012 டெக்சாஸ் நல்ல பந்தயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீள்வட்டத் தடங்கள் பருவத்தின் ஒரு பகுதி மட்டுமே. லாங் பீச் தெருத் தடத்திலும் ரோட் அமெரிக்கா சாலைத் தடத்திலும் மெதுவான வளைவிலிருந்து வெளியேறும்போது பின்சக்கரங்கள் திமிற வேண்டும். ஹைப்ரிட்டும், ஓட்டுநரின் தலையைக் காக்கும் கண்ணாடித் தடுப்பான ஏரோஸ்கிரீனும் சேர்ந்து காரைக் கனமாக்கிவிட்ட நிலையில், அதற்கு ஈடான சக்தியைக் கேட்பது பேராசையா?

தேவிகா:
லாங் பீச்சுக்குக் கேட்டால் நானும் கையெழுத்திடுகிறேன். பூஸ்டைத் தடத்துக்குத் தடம் மாற்றும் வழக்கம் இன்றும் இருக்கிறது. இண்டியானாபொலிஸ் பந்தயத்துக்கு 1.3 பார் அழுத்தம், சாலைத் தடங்களுக்கு 1.5 பார். அந்த இடைவெளியை இன்னும் அகலப்படுத்துங்கள். ஆனால் பார்வையாளர் வேலிக்குப் பக்கத்தில் 230 மைலில் ஓடும் இடத்தில் 900 கூடாது. 2003 அக்டோபரில் கென்னி பிராக்கின் கார் டெக்சாஸ் வேலியில் சிதறியபோது பதிவான விசை 214 ஜி, அதாவது ஈர்ப்பு விசையைப்போல் 214 மடங்கு. அதே மாதம் இண்டியானாபொலிஸ் சோதனை ஓட்டத்தில் டோனி ரென்னாவை இழந்தோம். அடுத்த மே மாதமே எஞ்சினை 3.5 லிட்டரிலிருந்து 3 லிட்டராகக் குறைத்தார்கள். அது தவறான முடிவு என்று உங்களால் சொல்ல முடியுமா?

நீள்வட்டன்:
அன்றைக்குச் சரியான முடிவு. ஆனால் அதற்குப் பிறகும் அந்தக் கார்கள் காலை எடுக்காமல் கூட்டமாகவே ஓடின, 2011 வரை.

பழைய ஆஃபி:
900 வந்தால் அதைச் செய்து தரப்போவது யார் என்பதையும் பேசுங்கள். 2012-இல் லோட்டஸும் எஞ்சின் கொடுத்தது. முதலிடம் பிடித்தவர் 226 மைல் ஓடிய இண்டியானாபொலிஸில் ஜான் அலெசி தகுதி பெற்றது 210 மைலில். அவரையும் சிமோனா டி சில்வெஸ்ட்ரோவையும் மிக மெதுவாக ஓடுகிறார்கள் என்று பந்தயத்தின் தொடக்கத்திலேயே கறுப்புக் கொடி காட்டி வெளியேற்றினார்கள். பருவம் முடிந்ததும் லோட்டஸ் போய்விட்டது. 2013 முதல் ஹோண்டா, செவர்லே இரண்டே நிறுவனங்கள். மூன்றாவது ஒன்று துணிந்து உள்ளே வரும்படி 2028 விதி எழுதப்பட்டால், சக்தி 750 என்றாலும் எனக்குச் சம்மதம்.