இணையவழித் தொலைநகல்: ‘மின்நகல்’ என்ற சொல் ஏன் பொருந்தாது

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வீட்டிலிருந்தே தொழில் நடத்துவோருக்கான கையேட்டின் சொற்பட்டியலில், இணையத்தின் மூலம் பேக்ஸ், அதாவது தொலைநகல், அனுப்பும் சேவைக்கு ‘மின்நகல்’ என்று வைத்துக்கொள்ளலாம் என அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி முன்மொழிந்திருக்கிறார்கள். சொல் சிறியது, நாவில் எளிதாக வருகிறது, ‘மின்னஞ்சல்’ என்பதோடு ஒத்துப்போகிறது என்று அவர்கள் சொன்ன மூன்று காரணங்களிலும் எனக்கு மறுப்பு இல்லை. ஆனாலும் அந்தச் சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. பாளையங்கோட்டையில் வீட்டு மாடி அறையை அலுவலகமாக வைத்துக்கொண்டு, அமெரிக்க மருத்துவர்களின் காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கவனிக்கும் தொழிலைச் செய்துவருகிறேன். அந்தத் தொழிலில் இதே சொல்லால் எனக்கு ஓர் இழப்பு நேர்ந்திருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மருத்துவமனையின் கோரிக்கையைக் காப்பீட்டு நிறுவனம் நிராகரித்திருந்தது. மேல்முறையீட்டுத் தாள்கள் ஒன்பது. அவை தபாலிலோ தொலைநகலிலோ வந்து சேர வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் விதி. கெடு அவர்கள் நேரப்படி மாலை ஐந்து மணி, நமக்கு அதிகாலை இரண்டரை. என்னிடம் வேலை பழகிக்கொண்டிருந்த சித்தி மகளிடம், “இதை மின்நகலாக அனுப்பிவிடு” என்று சொல்லிவிட்டு வேறொரு அழைப்பை எடுத்துவிட்டேன். அவள் ஒன்பது தாள்களையும் வருடியில் (ஸ்கேனரில்) வைத்து ஒரே கோப்பாக்கி, அந்த நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரிக்கு இணைப்பாக அனுப்பிவிட்டாள். மறுநாள் கேட்டபோது, “அக்கா, நீங்க மின்நகல்னுதானே சொன்னீய, அனுப்பிட்டேனே” என்றாள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. மின்நகல் என்றால் தாளின் கணினிக் கோப்பு என்றுதான் அவள் கல்லூரியிலும் நூலகத்திலும் இ-சேவை மையத்திலும் கேட்டிருக்கிறாள். கெடு கடந்துவிட்டது; மேல்முறையீட்டை அவர்கள் எடுத்துக்கொள்ளவே இல்லை.

ஆகவே ‘மின்நகல்’ ஏற்கெனவே குடியிருக்கும் வீடு. பட்டாவின் மின்நகல், சான்றிதழின் மின்நகல், பழைய நூலின் மின்நகல் என்று மக்கள் எழுதும் இடமெல்லாம் அது கோப்பைக் குறிக்கிறதே அன்றி, அந்தக் கோப்பு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைக் குறிப்பதில்லை. அதே சொல்லுக்கு இன்னொரு பொருளையும் ஏற்றினால், கையேட்டைப் படித்துத் தொழில் தொடங்கும் ஒருவர் நான் பட்ட பாட்டைத்தான் படுவார்.

இனி, அந்தச் சேவையில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். சொல் அதிலிருந்துதான் பிறக்க வேண்டும். நான் ஒரு பிடிஎஃப் கோப்பைச் சேவை நிறுவனத்தின் தளத்தில் ஏற்றுகிறேன், அல்லது பெறுநரின் தொலைநகல் எண்ணையே முகவரியாக்கி மின்னஞ்சல் அனுப்புகிறேன். அந்த நிறுவனத்தின் கணினி ஒவ்வொரு பக்கத்தையும் கறுப்பு வெள்ளைப் புள்ளி வரிகளாக மாற்றுகிறது: ஒரு வரிக்கு 1728 புள்ளிகள், சாதாரண நிலையில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 98 வரிகள், நுண்ணிலையில் 196. பிறகு அது பெறுநரின் எண்ணைத் தொலைபேசியில் அழைக்கிறது; மறுமுனைக் கருவி கிறீச்சிட்டு விடை சொல்கிறது; இரண்டும் வேகத்தைப் பேசி முடித்துக்கொண்டு பக்கங்களைக் கடத்துகின்றன. ஒவ்வொரு பக்கமும் கிடைத்ததை மறுமுனைக் கருவியே உறுதிப்படுத்துகிறது. கடைசியில் எண், நேரம், பக்கங்கள், முடிவு ஆகியவற்றைத் தாங்கிய அறிக்கை என் மின்னஞ்சலுக்கு வருகிறது. எனக்கு வரும் தொலைநகலும் இதே போலத் தலைகீழாக நடக்கிறது: நான் வாடகைக்கு வைத்திருக்கும் எண்ணை யாராவது அழைத்தால், சேவை நிறுவனத்தின் கருவி எடுத்துப் பக்கங்களை வாங்கிக் கோப்பாக்கி எனக்கு அனுப்பிவைக்கிறது. ஆக, என் பக்கம்தான் இணையம்; அந்தப் பக்கம் பெரும்பாலும் பழைய தொலைநகல் கருவியே, பழைய தொலைபேசி எண்ணே. பெறுபவர் கையில் கிடைப்பதும் தொலைநகல்தான். அவர் அதை அப்படித்தான் பதிவேட்டில் குறிக்கிறார்.

ஒரு பொருளுக்குப் பெயர் வைக்கும்போது, அது சென்ற வாகனத்தை வைத்துப் பெயரிடுவதா, போய்ச் சேர்ந்த பொருளை வைத்துப் பெயரிடுவதா என்பதே இந்த விவாதத்தின் உயிர்நிலை என்று நினைக்கிறேன். வாகனத்தை வைத்துப் பெயரிட்டதன் விளைவை நம் மொழி ஒரு முறை அனுபவித்திருக்கிறது. ‘தந்தி’ என்றால் கம்பி, நரம்பு. வீணைக்கும் தந்தி உண்டு. கம்பி வழியாகச் செய்தி வந்ததால் செய்திக்கே தந்தி என்று பெயரானது. பிறகு கம்பி இல்லாமலே செய்தி வரத் தொடங்கியதும் ‘கம்பியில்லாத் தந்தி’ என்று எழுத வேண்டியதாயிற்று. அந்தத் தொடரை ஒரு முறை நிறுத்திப் படித்துப் பாருங்கள்: கம்பியில்லாத கம்பி. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை நிறுத்தப்படும் வரை நாம் அந்தப் பெயரோடு ஒத்துப்போனோம். பழக்கம் அதை நடத்திக்கொடுத்தது. புதிதாகச் சொல் படைக்கும் இடத்தில் இருக்கும் நாம் அதே வழியில் மீண்டும் போக வேண்டிய தேவை இல்லை.

‘தொலைநகல்’ என்ற சொல்லுக்கு அந்தக் குறை இல்லை. ‘தொலை’ என்பது இங்கே தொலைபேசியின் சுருக்கம் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அப்படிக் கொள்ள வேண்டியதில்லை. தொலைவிலிருந்து நகல் எடுத்தல் என்பதே அதன் பொருள். அலெக்சாண்டர் பெய்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதற்கான முதல் காப்புரிமையைப் பெற்றது 1843இல். தொலைபேசிக்கு பெல் காப்புரிமை பெற்றது 1876இல். தொலைபேசி பிறப்பதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே, தந்திக் கம்பி வழியாக உருவத்தைக் கடத்தும் எண்ணம் உருவாகிவிட்டது. முதலில் தந்திக் கம்பி, பிறகு தொலைபேசிக் கம்பி, இப்போது பாதித் தூரம் இணையம்: பொருள் அதேதான், வழிதான் மாறியிருக்கிறது.

‘வழி’ என்று எழுதும்போது எனக்கு நினைவுக்கு வருவது வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்தில் நிற்கும் பேருந்துகளின் பலகை. தென்காசி என்று பெரிதாக எழுதி, அதன் கீழே வழி என்று போட்டு இடையில் வரும் ஊர்களைச் சிறிதாக எழுதியிருப்பார்கள். நெல்லையிலிருந்து தென்காசிக்கு ஆலங்குளம் வழியாகவும் போகலாம், அம்பாசமுத்திரம், கடையம் வழியாகவும் போகலாம். போய்ச் சேரும் ஊர் தென்காசிதான். அவசரமாக ஓடிவரும் பயணி முதலில் ஊர்ப் பெயரைப் பார்க்கிறார். எந்த வழி என்பது தேவைப்படுபவர் மட்டும் அடுத்த வரியைப் பார்க்கிறார். நம் சொல்லும் அப்படி அமையலாம் என்பதே என் முன்மொழிவு. ஊர்ப் பெயர் ‘தொலைநகல்’. வழி சொல்ல வேண்டிய இடத்தில் ‘இணையவழித் தொலைநகல்’. இணையவழி விண்ணப்பம், இணையவழி வகுப்பு என்று பள்ளிப் பிள்ளைகள் வரை பழகிவிட்டதால், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிராது. சொல் நீளம் என்ற குறை உண்மைதான். ஆனால் கையேட்டில் சேவையை அறிமுகப்படுத்தும் இடத்திலும் கட்டணத்தைப் பேசும் இடத்திலும் மட்டும் முழுச் சொல் வந்தால் போதும், மற்ற இடங்களில் தொலைநகல் என்றே எழுதலாம்.

முன்வைக்கப்பட்ட மற்றச் சொற்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘இணைநகல்’ வேண்டாம், இணைத்து அனுப்பிய நகல் என்றே யாரும் படிப்பார்கள், அது மின்னஞ்சல் இணைப்போடு குழம்பும். ‘தொலைப்படி’ என்பது மதிப்புக்குரிய முன்மொழிவு. நகல் அரபு வழி வந்த சொல், படி நம் சொல். ஏடு பார்த்து எழுதியவர்கள் படியெடுத்தல் என்றே சொன்னார்கள். நம் வட்டாரத்துச் சங்கரன்கோவில் மண்ணில் 1902இல் பிறந்த சொல்லாய்வறிஞர் தேவநேயப் பாவாணரின் நினைவு நம்மில் பலருக்கும் உண்டு என்பதால், வேர்ச்சொல் பார்க்கும் அந்தக் கண்டிப்பை நான் மதிக்கவே செய்கிறேன். ஆனால் அசல், நகல் என்ற இணை பத்திரப் பதிவிலும் நீதிமன்றத்திலும் வேரூன்றி, ‘அசல் கையெழுத்து கேட்கிறார்கள், நகல் செல்லாது’ என்று எழுதப் படிக்கத் தெரியாதவரும் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டது. தொலைநகலில் வரும் கையெழுத்து அசலா நகலா என்பது எங்கள் தொழிலில் அன்றாடக் கேள்வி. அந்தக் கேள்வியை எழுப்பும் சொல்லே சொல்லுக்குள் இருப்பது நல்லது.

கருவிக்குத் ‘தொலைநகலி’ என்ற சொல் வழக்கில் இருக்கிறது. மண்வெட்டி, வருடி போல இகர விகுதி செய்யும் பொருளைக் காட்டுகிறது. அதைச் சேவைக்கு ஒருபோதும் ஆளக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். என் அறையில் தொலைநகலி இல்லை, ஆனாலும் நாளெல்லாம் தொலைநகல் அனுப்புகிறேன் என்ற வேறுபாட்டை ஓர் இகரம் இவ்வளவு துல்லியமாகக் காட்டும்போது அதை மழுக்கிவிட மனம் வரவில்லை.

ஒரு நுட்பமான இடம் மீதம் இருக்கிறது. தொலைநகலியை வீட்டில் வைத்து, அதை இணையத் தொலைபேசி இணைப்பில் செருகுவோரும் உண்டு. பேச்சுக்காகச் சுருக்கப்படும் ஒலியில் தொலைநகலின் குறியொலி சிதைந்து பக்கங்கள் பாதியில் அறுந்துபோகும். அதைத் தீர்க்கவே 1998இல் டி.38 என்ற நெறிமுறை வந்தது. இதுவும் இணையவழிதான். கையேட்டில் இரண்டையும் பிரிக்க வேண்டிய பத்தியில், முன்னதை ‘மின்னஞ்சல்வழித் தொலைநகல்’ என்றும் பின்னதை ‘இணையத் தொலைபேசிவழித் தொலைநகல்’ என்றும் எழுதலாம். பின்னது நாவுக்குக் கடினம் என்பதை அறிவேன். ஒரே ஒரு பத்தியில் வருவதால் பொறுத்துக்கொள்ளலாம்.

அனுப்பிய பின் வரும் அறிக்கைக்கு ‘ஒப்புகைச் சீட்டு’ என்று எழுதியிருக்கிறோம். அதை மாற்ற வேண்டும். 2025இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்படும் வரை, பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டையில் பெற்றவர் கையெழுத்திட்டார். இங்கே கருவி மட்டுமே பெற்றுக்கொண்டதாகச் சொல்கிறது, தாளை எவரும் எடுத்துப் பார்த்தாரா என்பதற்கு அது சாட்சி இல்லை. ‘சேர்ப்புச் சீட்டு’ என்றால் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லும்.

சாதாரண நிலைக்கும் நுண்ணிலைக்கும் உள்ள வேறுபாட்டைக் கையேடு ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறது. தமிழில் தாள் அனுப்புவோருக்கு அங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். சென்ற மாதம் ஒரு தமிழ்ச் சான்றிதழைச் சாதாரண நிலையில் எனக்கு நானே அனுப்பிப் பார்த்தேன். சிறிய எழுத்தில் இருந்த பெயரில் மெய்யெழுத்தின் புள்ளிகள் போயே போய்விட்டன. ‘முருகன்’ ‘முருகன’ ஆகியிருந்தது. நுண்ணிலையில் அனுப்பியபோது புள்ளி திரும்பி வந்தது. ஆங்கிலத் தாளில் இதனால் பெரிதாக ஒன்றும் கெடாது; நமக்குப் பெயரே மாறிவிடுகிறது.

சொற்பட்டியலுக்கு நான் தரும் பதிவு இது: ‘இணையவழித் தொலைநகல் – சேவையைப் பயன்படுத்துபவர் தம்மிடம் தொலைநகலி வைத்திராமல், சேவை நிறுவனம் ஒன்றின் மூலம் இணையத்தில் கோப்பை ஏற்றியோ இறக்கியோ, தொலைநகல் எண்ணுக்குப் பக்கங்களை அனுப்பும் அல்லது அதிலிருந்து பெறும் முறை, மின்நகல் காண்க என்று குறிக்கலாகாது.’ தொலைநகலின் முன்னால் வைத்து அனுப்பும் முதல் தாளுக்கு ‘முகப்புத் தாள்’ என்பதா ‘முகத்தாள்’ என்பதா என்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அலுவலகங்களில் கோப்பு எழுதிப் பழகியவர்கள் குழுவில் இருக்கிறீர்கள். உங்கள் மேசையில் எந்தச் சொல் புழங்குகிறது என்பதை வெள்ளிக்கிழமைக்குள் எழுதினால், அதையே சேர்த்து அச்சுக்கு அனுப்பிவிடுவேன்.